அங்க அடையாளங்கள்: லம்பாடி அணிகலன்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

நான் ஆய்வு செய்யும் ஐதராபாத்தில், மாணவர் விழா ஒன்றில் ஒரு நாள் மாலைக்கு 'பஞ்சாரா' என்று பெயரிட்டிருந்தார்கள். அனைவரும் அந்தப் பாணியில் உடுத்தி வரவேண்டும் என்பது ஏற்பாடு. கண்ணாடிச் சில்லுகள் பதித்த பாவாடைகள், சோழி கோத்த இடைக்கச்சைகள், கறுத்த வெள்ளி போலத் தோற்றமளிக்கும் 'ஆக்ஸிடைஸ்டு' நகைகள், கை நிறைய வெள்ளை வளையல்கள் என்று வளாகம் நிறைந்திருந்தது. என் ஆய்வுத் தோழி ஒருவர் அன்று வழக்கமான பருத்திச் சட்டையோடு வந்து ஓரமாக அமர்ந்திருந்தார். அவர் மகபூபாபாத் மாவட்டத்துத் தாண்டா ஒன்றிலிருந்து வந்தவர். லம்பாடிச் சமூகத்தில் முனைவர் பட்டம் வரை வந்திருக்கும் மிகச் சிலருள் ஒருவர். வருத்தமா என்று கேட்டேன். "அணிந்துகொள்ளட்டும், அதில் எனக்கொன்றும் இல்லை. ஆனால் என்னை விடுதியில் சேர்க்க வந்தபோது என் அம்மா இதையெல்லாம் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் புடவை கட்டிக்கொண்டுதான் வந்தார்" என்றார்.

அந்த மறுமொழியை ஒரு வரலாற்றுக் கேள்வியாக எடுத்துக்கொள்ள முயன்றதன் விளைவே இக்குறிப்பு. மரபு அணிகலன்களைப் பிறர் நாகரிகத்துக்காக அணிவது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் 'யார் எதை அணியலாம்' என்ற கேள்வியிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஒரு தரப்பு இதைப் பண்பாட்டுக் களவு என்கிறது. மறு தரப்பு பண்பாடு என்பதே கொடுக்கல் வாங்கல்தான் என்கிறது. லம்பாடி அணிகலன்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டால் இரண்டாம் தரப்பின் வாதம் முற்றிலும் உண்மை என்பது தெரியும். அந்த உண்மை போதாது என்பதும் அதே வரலாற்றிலிருந்து தெரியும்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. பஞ்சாரா, லம்பாடி, லம்பாணி, லமாணி, சுகாலி என இடத்துக்கு ஒரு பெயரால் அழைக்கப்படும் இம்மக்கள் தங்களைத் தாங்களே 'கோர்' என்றும் தங்கள் மொழியை 'கோர் போலி' என்றும் சொல்கிறார்கள். அது இந்தோ-ஆரிய மொழி. இராஜஸ்தானியோடும் குஜராத்தியோடும் நெருங்கிய உறவுடையது. 'லம்பாடி', 'லமாணி' ஆகியவற்றை உப்பைக் குறிக்கும் 'லவண' என்னும் வடசொல்லோடும், 'பஞ்சாரா'வை வணிகத்தைக் குறிக்கும் 'வாணிஜ்ய' என்னும் சொல்லோடும் இணைத்துப் பார்ப்பது பலரும் ஏற்கும் வழக்கம். பிறர் வைத்த பெயர்கள் எல்லாம் அவர்கள் சுமந்த சரக்கையும் செய்த தொழிலையும் குறிக்கின்றன. தமிழ்நாட்டில் பலரும் இவர்களை நரிக்குறவர்களோடு குழப்பிக்கொள்கிறார்கள். இருவரும் வேறு வேறு மக்கள், மொழிகளும் வேறு.

அவர்கள் உண்மையில் வணிகப் போக்குவரத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள். 1632-இல் வட இந்தியாவில் பயணம் செய்த ஆங்கிலேயரான பீட்டர் மண்டி, தானியம் ஏற்றிய 14,000 எருதுகள் கொண்ட ஒரு தாண்டாவைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வைர வணிகர் தவெர்னியே, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எருதுகள் ஒன்றாகச் செல்லும் வரிசைகளைக் குறிப்பிட்டதோடு, அப்பெண்கள் இடுப்புக்கு மேல் உடலெங்கும் பூக்களைப் பச்சை குத்திக்கொள்வதால் தோலே பூத்துணி போலத் தோன்றுகிறது என்றும் எழுதினார். முகலாயப் படைகள் தக்காணத்துக்கு வந்தபோதும், 1799-இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் மீது படையெடுத்தபோதும் படைகளுக்கு உணவு கொண்டுசென்றவர்கள் இவர்களே. 'தாண்டா' என்ற சொல் அன்று நகர்ந்துகொண்டிருக்கும் எருதுக் கூட்டத்தைக் குறித்தது. இன்று ஊருக்கு வெளியே நிலைத்துவிட்ட லம்பாடிக் குடியிருப்பைக் குறிக்கிறது. ஒரு சமூகத்தின் நடை எப்படி நிறுத்தப்பட்டது என்பதை அந்த ஒற்றைச் சொல்லின் பொருள் மாற்றமே சொல்லிவிடும்.

அந்த நடையின் கணக்கேடுதான் அவர்களுடைய உடை. பேட்டியா என்னும் பாவாடை, காஞ்சளி என்னும் முதுகு திறந்த மேல்சட்டை, தலையிலிருந்து தொங்கும் டுக்ரி ஆகியவற்றில் தைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்தது. சோழி மாலத்தீவுக் கடலிலிருந்து வந்தது. இந்தியாவின் சில பகுதிகளில் நாணயமாகவே புழங்கியது. கழுத்தில் கோத்த வெள்ளிக் காசுகளில் பிரித்தானிய அரசர்களின் முகங்கள் உண்டு. கண்ணாடிச் சில்லு, ஈயமணி, தந்தம் அல்லது எலும்பாலான வளையல் எல்லாம் சந்தையில் வாங்கியவை. இந்த உடையில் 'கலப்பற்ற' பொருள் ஒன்றுகூட இல்லை. எனவே லம்பாடி அணிகலன் பிறர் தொடக்கூடாத தூய மரபு என்று வாதிடுவது அம்மரபையே அறியாமல் பேசுவதாகும். வழியில் கிடைத்ததையெல்லாம் தமதாக்கிக்கொண்ட மக்களின் கலை அது.

ஆனால் தமதாக்கிக்கொண்டவற்றுக்கு அவர்கள் ஓர் இலக்கணம் வகுத்தார்கள். காதோரக் கூந்தலில் இருபுறமும் தொங்கும் டோப்ளியும் கூக்ரியும் மணமான பெண்ணுக்கு உரியவை. முழங்கைக்கு மேல் வளையல் இருப்பதும் இல்லாததும் ஒருத்தியின் கணவன் இருக்கிறானா, இல்லையா என்பதைச் சொல்லும். தாண்டாவுக்குள் நுழையும் எவரும் ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசாமலே அவள் வாழ்க்கையின் நிலையைப் படித்துவிட முடியும். மொழியியல் படித்தவள் என்ற முறையில் இதை நான் இலக்கணம் என்று சொல்வது உவமைக்காக மட்டும் அன்று. ஓர் உறுப்பு இருப்பதும் இல்லாமையும் பொருள் வேறுபாட்டை உண்டாக்கினால் அங்கே ஒரு குறியமைப்பு இருக்கிறது. விழா மாலையில் நான் பார்த்த உடைகளில் டோப்ளி காதில் தோடாகியிருந்தது. மேற்கை வளையல் மணமாகாத பெண்களின் கைகளில் இருந்தது. அது யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை. அங்கே அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நிலைமை மாறியது. 1853-இல் பம்பாயில் தொடங்கிய இருப்புப்பாதை அடுத்த சில பத்தாண்டுகளில் தக்காணத்தைக் கடந்தது. உப்பின் மீது அரசு தன் முற்றுரிமையை இறுக்கியது. எருதுகளுக்கு மேய்ச்சல் தந்த காடுகள் வனத்துறையின் கைக்குப் போயின. சரக்கும் வழியும் மேய்ச்சலும் ஒரே தலைமுறைக்குள் பறிபோன மக்களைக் காலனிய அரசு 'வேலையின்றி அலைபவர்கள்' என்று விவரித்தது. வேலையைப் பறித்தவர் யார் என்ற கேள்வி அந்த ஆவணங்களில் எழவேயில்லை. நிஜாம் ஆட்சிப் பகுதியில் இம்மாற்றம் எவ்வாறு நடந்தது என்பதை வரலாற்றறிஞர் பங்க்யா புக்யா 2010-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் முதலில் படிக்கவேண்டியது அதையே.

1871-இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் வந்தது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றப் பரம்பரை என்று அறிவிக்கும் அதிகாரம் மாகாண அரசுகளுக்குக் கிடைத்தது. அந்த அறிவிப்பை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது. அச்சட்டத்தின் இரண்டாம் பகுதி இன்று அதிகம் பேசப்படுவதில்லை. அரசு பதிவு செய்த அரவானிகள் பொது இடத்தில் பெண்ணுடை உடுத்தியோ பெண்ணணி பூண்டோ தோன்றினால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம் என்று அது கூறியது. அணிகலன் பூணுவதே குற்றம் என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் எழுத்தில் சொன்னது என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இந்த ஏற்பாடு சென்னை மாகாணம் உள்ளிட்ட பகுதிகளுக்கும் விரிந்தது. கைரேகைப் பதிவும் சேர்ந்தது. பல மாகாணங்களில் லம்பாடிகளும் இவ்வலைக்குள் வந்தார்கள்.

என் துறை சார்ந்து என்னைக் கலங்கச் செய்த இரண்டு நூல்களை இங்கே சொல்லவேண்டும். 1907-இல் கிரியர்சனின் இந்திய மொழியாய்வுத் தொகுதிகளில் ஒன்று வெளிவந்தது. பில் மொழிகளோடு பஞ்சாரி மொழியையும் அது விவரித்தது. அடுத்த ஆண்டு, 1908-இல், பம்பாய் மாகாணக் காவல்துறை அதிகாரி கென்னடி எழுதிய குற்றவகுப்பினர் பற்றிய கையேடு வந்தது. அதில் ஒவ்வொரு வகுப்பினரும் ஒரே வார்ப்பில் விவரிக்கப்படுகிறார்கள்: வாழிடம், தோற்றமும் உடையும், பேச்சின் தனித்தன்மைகள், மாறுவேடங்கள், குற்றம் செய்யும் முறை. பஞ்சாராக்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவரின் பேச்சையும் உடையையும் உற்றுநோக்கிக் குறித்துவைப்பதே மொழியியலாளரின் களப்பணி. அதே உற்றுநோக்கல் அக்கையேட்டில் ஆளைப் பிடிக்கும் கருவியாகிவிட்டது. நம்முடைய பள்ளிச் சான்றிதழ்களில் 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். மச்சத்தையோ தழும்பையோ அதில் எழுதுவார்கள். லம்பாடிப் பெண்ணுக்கு அவளுடைய வளையலும் காசுமாலையுமே அங்க அடையாளமாயின. தூரத்திலிருந்தே அவளை இனங்காட்டிக் கொடுத்தவை அவை.

அச்சட்டம் 1952 ஆகஸ்டு 31 அன்று நீக்கப்பட்டது. சீர்மரபினர் அந்நாளை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதன் இடத்தில் மாநிலங்கள் வழக்கக் குற்றவாளிகள் சட்டங்களைக் கொண்டுவந்தன. ஐயப்பாடு அப்படியே தொடர்ந்தது. சிறை விதிகளில் சீர்மரபினரை இழிவாக வகைப்படுத்திய பிரிவுகளை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2024 அக்டோபரில்தான். தமிழில் நாமும் விலகி நிற்கவில்லை. 'லம்பாடி' என்ற சொல்லை அழுக்கான, ஒழுங்கற்ற ஆளைத் திட்டும் வசையாக நம் வீடுகளில் இயல்பாகப் பயன்படுத்துகிறோம். வறுமையைக் குறிக்கும் 'இலம்பாடு' என்ற பழந்தமிழ்ச் சொல்லோடு அதற்கு ஒலி ஒப்புமை உண்டே தவிர வேர்த்தொடர்பு இல்லை. வசையாக்கியது மொழியின் வேலையன்று, நம்முடையது.

இந்த ஐயமும் வசையும் நிலவிய அதே காலத்தில் அந்த உடை இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கியது. 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் மேலைநாட்டு ஹிப்பிகள் கோவாவுக்கு வந்தார்கள். வடகர்நாடகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே சென்ற லம்பாணிப் பெண்கள், கடற்கரையில் பழைய பின்னல்களையும் அணிகலன்களையும் விற்றார்கள். பாட்டியின் பேட்டியா வெட்டப்பட்டுத் தோள்பையாயிற்று. காஞ்சளியின் மார்புத் துண்டு மெத்தை உறையாயிற்று. பஞ்ச காலத்தில் விற்கப்பட்ட குடும்ப உடைகள் வாங்கியவருக்கு 'அரும்பொருள்' ஆயின. அங்கிருந்து இந்தித் திரைப்படத்தின் நாடோடிப் பாடல்களுக்கும், பின்னர் நகரத்து ஆடைக் கடைகளுக்கும் அந்தப் பாணி சென்றது. இன்று உலகச் சந்தையில் அதற்குப் பெயர் 'போஹோ'. ஐரோப்பாவின் ரோமா நாடோடி மக்கள் பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்று பிரெஞ்சுக்காரர் தவறாகக் கருதியதால் பிறந்த சொல்லின் சுருக்கம் அது. ஒரு கண்டத்தில் துரத்தப்பட்ட நாடோடிகளின் தவறான பெயரே இன்னொரு கண்டத்தில் துரத்தப்பட்ட நாடோடிகளின் உடைக்கு விற்பனைப் பெயராகியிருக்கிறது.

ஐதராபாத்திலேயே இதற்கு இணையான ஒன்று உண்டு. நகரின் மிக விலையுயர்ந்த குடியிருப்புகளுள் ஒன்று பஞ்சாரா ஹில்ஸ். ஒரு காலத்தில் அந்தக் குன்றுகளில் தங்கியிருந்த பஞ்சாராக்களின் பெயர் மட்டும் அங்கே எஞ்சியிருக்கிறது.

பெயரே எஞ்சாத இடமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லமாணி அல்லது லம்பாடியைத் தாய்மொழி என்று 32 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். பஞ்சாரி என்று 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். இருவரையும் அந்தக் கணக்கெடுப்பு 'இந்தி' என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிட்டது. இந்தி பேசுவோரின் தொகையில் இவர்களும் அடக்கம். பண்பாட்டை உரிமை கொண்டாடுவது பற்றி ஆடைக் கடைகளை மட்டும் குறைகூறுவோர் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு மக்களின் மொழியையே அரசு வேறொரு மொழியின் எண்ணிக்கைக்கு அணியாகப் பூட்டிக்கொள்ளலாம் என்றால், ஒரு கல்லூரி மாணவி சோழிமாலை பூண்டதை மட்டும் குற்றம் என்று சொல்வது எளிய இலக்கைத் தேடுவதாகும். இன்னும் ஒன்று: இதே மக்கள் தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் பழங்குடியினர், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், மகாராஷ்டிரத்தில் விமுக்த சாதியினர். தங்கள் உடைக்கு நாடெங்கும் ஒரே பெயர் கிடைத்துவிட்டது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் பிறர் அணியவே கூடாதா? களத்தில் பின்னல் செய்து வாழும் பெண்களிடம் இக்கேள்வியைக் கொண்டுசென்றால் அது வேறு வடிவம் எடுக்கும். வாங்குபவர் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை. கர்நாடகத்தின் சண்டூரில் கைவினை மையம் ஒன்றின் வழியாக நூற்றுக்கணக்கான லம்பாணிப் பெண்கள் பின்னல் வேலை செய்கிறார்கள். கிலன், வேலே, பக்யா, மகி, சூர்யகாந்தி மகி என்று 14 வகைத் தையல்களுக்கு அவர்களிடம் பெயர் உண்டு. சண்டூர் லம்பாணிப் பின்னலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 2023 ஜூலையில் ஹம்பியில் ஜி-20 பண்பாட்டுக் குழுக் கூட்டம் நடந்தபோது, 450-க்கும் மேற்பட்ட பெண்கள் செய்த 1,755 பொருள்கள் ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுக் கின்னஸ் பதிவு பெற்றன. தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் ஏறத்தாழ இரண்டு தலைமுறைகளாகக் கைவிட்டிருந்த பின்னலை, நினைவில் வைத்திருந்த மூத்த பெண்களிடமிருந்து மீண்டும் கற்று ஒரு கூட்டமைப்பாக நடத்துகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'போர்கை'. அவர்கள் மொழியில் 'பெருமை' என்று பொருள். இழிவின் அடையாளமாகக் கழற்றி வைக்கப்பட்ட ஒன்றுக்கு அந்தப் பெயரைத் தேர்ந்ததில் ஒரு நூற்றாண்டுக்கான மறுமொழி இருக்கிறது.

இவற்றின் எல்லையையும் சொல்லவேண்டும். புவிசார் குறியீடு ஒரு பெயரைத்தான் காக்கிறது. 'சண்டூர் லம்பாணி' என்று சொல்லாமல் 'பஞ்சாரா பாணி' என்று மட்டும் சொல்லி, அதே வடிவத்தை இயந்திரத்தில் தைத்து விற்பவரை அது தடுக்காது. கையால் தைத்த ஒரு பையின் விலையைக் கேட்டுத் திகைக்கும் நாம், இயந்திரம் தைத்ததை அரை விலைக்கு வாங்கி விழாவுக்கு அணிந்து செல்கிறோம். தைப்பவர் பெயரும் கூலியும் அங்கேதான் மறைகின்றன.

ஆகவே 'யார் அணியலாம்' என்ற கேள்விக்கு முன் வரலாறு இன்னொரு கேள்வியை வைக்கிறது: இதை அணிந்ததற்காக யார் என்ன விலை கொடுத்தார்கள்? இரவு விழா முடிந்ததும் நாம் அந்த நகையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உறங்கலாம். காவலர் பதிவேட்டில் பெயர் இருந்தவளுக்கு அந்த வசதி இருக்கவில்லை. பின்னர் அவள் மகள் கழற்றினாள். விரும்பிக் கழற்றவில்லை, பேருந்திலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் மனிதராக நடத்தப்படுவதற்காகக் கழற்றினாள். அவள் கழற்றி முடித்த நேரத்தில் நாம் அணியத் தொடங்கினோம். இந்தக் கால வரிசைதான் உறுத்துகிறது. அணிவதைத் தடை செய்வதால் அது சரியாகாது. அணிபவர் அறிந்து அணிவதாலும், செய்தவருக்குரியதைக் கொடுப்பதாலும், அந்தப் பெயரை வசையாக்காமல் இருப்பதாலும் கொஞ்சம் சரியாகலாம்.

நம் துறைகளில் இருப்போர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோர் போலி பேசும் மாணவர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அருங்காட்சியகப் பட்டியல்களிலும் அட்டவணைகளிலும் 'பழங்குடி நகை' என்று பொதுவாக எழுதியிருக்கும் இடத்தில் டோப்ளி என்றும் ஹாஸ்லி என்றும் அவற்றின் பெயரை எழுதும் பணி இன்னும் பெருமளவு மீதமிருக்கிறது. அதை அம்மாணவர்களின் தலைமையில் செய்யவேண்டும்.

விழா நடந்து சில வாரங்கள் கழித்து என் தோழி ஊருக்குப் போய்வந்தார். பெட்டியிலிருந்த அம்மாவின் உடையைப் படமெடுத்து வந்திருந்தார். ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டோம். இரண்டு இடங்களில் அவருக்கே பெயர் தெரியவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் சற்று நேரம் சிரிப்பு. பிறகு இரண்டு சொற்கள் வந்தன. இரண்டையும் குறித்துக்கொண்டோம்.